இடது பக்கம் பார்க்கிறவன்

அவனை உங்களுக்குத் தெரியும். பெயர் சட்டென்று வாயில் வராது, முகம் தெரியும். மலையாளப் படமென்றால் கிழிந்த ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாக வருகிற தமிழன் அவன்தான். தமிழ்ப் படமென்றால் மலைப்பாதையில் டீக்கடை போட்டிருக்கிற மலையாளி அவன்தான். இந்தப் பக்கத்துக்காரர்கள் அவனை அந்தப் பக்கத்தான் என்று கூப்பிட, அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கத்தான் என்று கூப்பிட, இப்படியே பிழைத்துப் பெரிய ஆளாகிவிட்டான். கதாநாயகன் வந்து ஏதாவது கேட்பான். இவன் உடனே பதில் சொல்ல மாட்டான். முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி, யாரோ எங்கேயோ பேசுவது காதில் விழுகிற மாதிரி நிற்பான். தியேட்டரில் ஒரு சத்தம் இருக்காது. அப்புறம் மெதுவாக ஒரே ஒரு வரி. இதற்கு மௌனத்தின் நடிப்பு என்று பெயராம். பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

எனக்குச் சிரிப்புதான் வரும். அவன் இடது பக்கம் திரும்புவதற்குக் காரணம், அங்கேதான் பதினொரு வருஷம் நான் நின்றிருந்தேன்.

மூணாறு பக்கம் மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் இருந்தோம். அவன் ஃபேக்டரியில் கொழுந்து வண்டி தள்ளுகிறவன். என் தம்பி அதே ஃபேக்டரியில் இலை கசக்குகிற ரோலர் மெஷினில். நான் கொழுந்து பறிக்கப் போகிற அம்மாக்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெச்சில் வேலை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் எஸ்டேட் ஆட்களே நாடகம் போடுவார்கள். சாயங்காலமானால் பனி இறங்கி மேடை தெரியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கே ஆரம்பித்துவிடுவோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நாடக நோட்டை நகல் எடுக்கச் சொன்னார்கள். நகல் எடுத்தவளுக்குத்தான் வசனம் எல்லாம் தெரியும் என்று பிராம்ப்டராகவும் நிறுத்திவிட்டார்கள். மேடையின் இடது ஓரத்துத் தட்டிக்குப் பின்னால் நின்று, நடிகன் மறந்த வரியை அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி எடுத்துக் கொடுக்கிற வேலை. வாயைக் கையால் குவித்துக்கொண்டு, மூச்சோடு மூச்சாகச் சொல்ல வேண்டும். முதல் வரிசைக்குக் கேட்டுவிட்டால் மானம் போய்விடும். என் தம்பி திரை இழுப்பான். இவன் நடிப்பென்றால் தம்பிக்கு உயிர்.

மற்ற நடிகர்களுக்கு ஒரு நாடகத்துக்கு நாலு வரியோ ஐந்து வரியோ எடுத்துக் கொடுத்தால் போதும். இவனுக்கு முழு நோட்டும் கொடுக்க வேண்டும். ஒரு வரி படிக்க மாட்டான். கேட்டால், "படிச்சா உணர்ச்சி போயிருதுக்கா" என்பான். எழுதப் படிக்கத் தெரியாதவன் இல்லை; பத்தாம் வகுப்பு வரை போனவன். சோம்பேறித்தனம்தான். மீசையை வெட்டி ஒதுக்க முக்கால் மணி நேரம் கண்ணாடி முன்னால் நிற்கிறவனுக்கு நோட்டைப் புரட்ட நேரமில்லை. உணர்ச்சி போய்விடுமாம்!

அந்தப் புகழ்பெற்ற மௌனம் பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் அவனுக்கு அப்பா வேஷம். மகள் ஆற்றோடு போய்விட்டாள் என்று ஆட்கள் வந்து சொன்னதும், "எம் புள்ளய எங்கடா விட்டுட்டு வந்தீங்க?" என்று அவன் அலற வேண்டும். அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அவன் இடது பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். நான் எச்சிலை விழுங்கினேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, பயத்தில்தான். மைதானத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். ஃபேக்டரியில் எங்களுக்கெல்லாம் மேலதிகாரியான டீ மேக்கர் முன்வரிசை நாற்காலியில் இருந்தார். அவர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவழியாக எனக்குக் குரல் வந்து வரியைக் கொடுத்தேன்.

நாடகம் முடிந்ததும் ஓடி வந்தான். "அக்கா, இனிமே அந்த எடத்துல லேட்டாவே குடு."

"எம்புட்டு லேட்டா?"

"பத்து எண்ணிட்டுக் குடு."

இவ்வளவுதான் அந்தக் கலை. ஒரு கட்டின தொண்டை, மனசுக்குள் பத்து வரை எண்ணிக்கை. ஒரு டி.வி. பேட்டியில், "மலைதான் எனக்கு மௌனத்தைக் கற்றுக்கொடுத்தது" என்று சொல்லியிருந்தான். அதையும் யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள். மலை எங்களுக்கு அட்டைக்கடியையும் மூட்டுவலியையும் தவிர ஒன்றும் கொடுத்ததில்லை.

மேடையில் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அவன் வாழ்க்கையே அப்படித்தான் நடந்தது. ஆனைக்கரைக்குப் பெண் பார்க்கப் போனபோது அவனுடைய அம்மாவோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். நல்ல குடும்பம், நாலு ஏலச்செடி வைத்திருக்கிறவர்கள். பெண் கெட்டிக்காரி. தட்டை வைத்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டாள்: "நீங்க குடிப்பீகளா?"

அவன் இடது பக்கம் திரும்பினான். நான் அப்போதுதான் ஒரு கை மிக்சரை வாயில் போட்டிருந்தேன். மெல்லவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. அவன் அப்படியே நின்றான். அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்தேன். எவ்வளவு நிதானமான மனுஷன், ஒரு வார்த்தைக்கு எவ்வளவு யோசிக்கிறான் என்று நினைத்துவிட்டாள். சம்மதம் என்று தலையாட்டினாள். அவள் கேட்ட கேள்விக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் பதில் கிடைத்தது. தினமும் கிடைத்தது.

சினிமா அவனைத் தேடி வந்ததும் இதே கூத்தில்தான். எங்கள் ஃபேக்டரியில் படப்பிடிப்பு நடத்த வந்தார்கள். கேட்டில் நிற்கிற தொழிலாளியாக ஒரு ஆள் வேண்டும், "மொதலாளி இங்க இல்ல" என்று ஒரே வரி. இவனை நிறுத்தினார்கள். மூன்று வார்த்தை! மறந்துவிட்டான். பழக்க தோஷத்தில் இடது பக்கம் திரும்பியிருக்கிறான். நான் எங்கே இருந்தேன்? கிரெச்சில் பிள்ளைகளின் மூத்திரத் துணி அலசிக்கொண்டிருந்தேன். இடது பக்கத்தில் ஒன்றுமில்லை, தேயிலைச் சரிவுதான். அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். டைரக்டர் ஓடி வந்து கட்டிப் பிடித்து, ஒரு வரியும் பேச வேண்டாம், இதுவே போதும் என்றாராம். அடுத்த படத்துக்கும் அவரே கூப்பிட்டார். அப்போதிலிருந்து பாதி நாள் படப்பிடிப்பு, பாதி நாள் கொழுந்து வண்டி. லீவு கொடுப்பது டீ மேக்கர் கையில் இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில்தான் தம்பிக்கு அது நடந்தது. கொழுந்து மலைமலையாக வந்து குவிகிற நேரம். ரோலரில் இலை ஒட்டிக்கொண்டு அடைத்தது. மெஷினை நிறுத்தித்தான் துடைக்க வேண்டும். நிறுத்த நேரமில்லை, ஓடும்போதே துடை என்று டீ மேக்கர் சொன்னார். தம்பி கையை விட்டான். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் கதை மாறியிருந்தது. தம்பி குடித்துவிட்டு வந்து தானாகக் கையை விட்டான் என்று டீ மேக்கர் எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி என்கொயரி வைத்தது. தப்பு தம்பியுடையது என்று முடிவானால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பா இறந்த பிறகு அவன் பெயருக்கு மாறிய வீடு அது; எங்களுக்கு வேறு கூரை கிடையாது. டீ மேக்கர் சொன்னதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன், கேட்டவன் ஒரே ஒரு ஆள். வண்டி தள்ளிக்கொண்டிருந்த நம் நடிகன்.

அவனும் நன்றாகத்தான் சொன்னான். "எங் கண்ணு முன்னாடி நடந்துச்சுக்கா. எந்தச் சாமி முன்னாடி வேணா சொல்லுவேன்." எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என்கொயரிக்கு முதல் நாள் மறுபடி வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அக்கா, நாலு வரி எழுதிக் குடேன்."

"நீ பாத்தத சொல்ல எதுக்குடா எழுத்து?"

"இருந்தா ஒரு தைரியம்."

எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். காலையில் ஆபீஸ் வாசலில் பார்த்ததும், "படிச்சியாடா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

விசாரிக்க வெளியூரிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். வீட்டு ஆட்கள் உள்ளே வரக்கூடாது என்று எங்களை வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். மேசைக்கு எதிரே அவன் நின்றான். என் போதாத காலம், அந்த ஜன்னல் அவனுக்கு இடது பக்கத்தில் இருந்தது.

வக்கீல் மலையாளமும் தமிழும் கலந்து கேட்டார். "மெஷின் ஓடும்போ தொடைக்கச் சொன்னது ஆரு? நீங்க கண்டோ?"

அவன் மெதுவாக முகத்தைத் திருப்பினான். கண் ஜன்னலுக்கு வந்தது. பார்த்தானே ஒரு பார்வை! சொல்லடா, சொல்லித் தொலையேண்டா என்று உள்ளுக்குள் கதறுகிறேன். வக்கீல் பேனாவைப் பிடித்தபடி காத்திருக்கிறார். ஆனால் என் தலைக்குள் வேறொரு வேலை தானாக நடந்துகொண்டிருந்தது. எட்டு, ஒன்பது, பத்து. கை வாயருகே போய்க் குவிந்துகொண்டது. அம்மன் சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை. பதினொரு வருஷப் பழக்கம்.

"டீ மேக்கர் சார்தான் சொன்னாரு. நிறுத்த நேரமில்ல, ஓடும்போதே தொடைன்னாரு."

அவன் அப்படியே வாங்கிக்கொண்டான். நெஞ்சில் கை வைத்து, ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் விட்டு, மைதானத்துக் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் சொன்னான். ஒரு எழுத்து குறையவில்லை. அருமையாகத்தான் இருந்தது.

டீ மேக்கர் எதிரே உட்கார்ந்திருந்தார். பதினொரு வருஷமும் முன்வரிசையில் நாடகம் பார்த்தவர். மெதுவாக எழுந்தார். "சார், அந்த ஜன்னலப் பாருங்க. அந்தப் பொம்பளதான் இவனுக்கு நாடகத்துல வசனம் எடுத்துக் குடுக்கிறவ. குத்தவாளியோட சொந்த அக்கா. இதுவும் நாடகந்தான்."

வக்கீல் ஜன்னலுக்கு வந்தபோது என் கை இன்னும் வாயருகே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். திரும்பிப் போய், எழுதியதைக் குறுக்கே அடித்தார். சாட்சி கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தம்பி குடித்துவிட்டு மெஷினில் கையை விட்டவன் என்று முடிவாயிற்று. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

சினிமா லீவுக்காக டீ மேக்கரிடம் விலைபோய்விட்டான், வேண்டுமென்றே செய்தான் என்று லயத்தில் பேசினார்கள். நான் நம்பவில்லை. துரோகம் செய்யவும் சொந்தமாக ஒரு யோசனை வேண்டும். அவனிடம் அது கிடையாது. துரோகி என்றால் நான் வெறுத்திருப்பேன். வெறுப்பில் ஒரு மரியாதையாவது இருக்கிறது.

ஜீப்பில் சாமான் ஏற்றுகிற அன்று வந்தான். பாயும் பாத்திரமும் தெருவில் கிடக்கின்றன. தம்பி கட்டுப் போட்ட கையோடு ஓரமாக உட்கார்ந்திருக்கிறான். இவன் என் எதிரே வந்து நின்றான். என் முகத்தையே பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று நான் எடுத்துக் கொடுப்பதற்காகக் காத்திருக்கிறான்.

"போயிட்டு வாரேன்னு சொல்லு" என்றேன்.

"போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்புறம் அவன் எங்கேயோ போய்விட்டான். பெரிய பெரிய டைரக்டர்கள், அதற்கு மேல் நாடகக்காரர்கள். ஒரு மலையாள நாடகக்குழு ஊர் ஊராக அவனைக் கூட்டிக்கொண்டு போனது. ஒரு கிழட்டுத் தொழிலாளியாக ஒன்றரை மணி நேரம் மேடையில் உட்கார்ந்திருப்பானாம். மொத்தம் ஏழெட்டு வரிதானாம். அறிவாளிகளெல்லாம் கண்கலங்கிப் போனார்களாம். எப்போதாவது போன் செய்வான். "படத்துல கேமராவுக்குக் கீழ ஒரு பொண்ணு படுத்துக்கிட்டு வசனம் சொல்லுதுக்கா. நாடகத்துல காதுக்குள்ள என்னமோ மாட்டி விடுதாக. எதுவும் ஒன்னய மாதிரி வரல." பாராட்டாம். ஒரு வெட்கம் வேண்டாமா?

நாங்கள் சின்னக்கானலில் ஒற்றை அறையில் இருக்கிறோம். நான் ரிசார்ட்டில் படுக்கை விரிப்பு துவைக்கிறேன். தம்பி மாட்டுப்பட்டி டேம் பக்கம் டூரிஸ்ட் கார்களுக்கு விசில் ஊதி இடம் காட்டுகிறான். வேலையைப் பற்றி அவனுக்குக் குறையில்லை. குடித்துவிட்டு மெஷினில் கையை விட்டவன் என்கிற பெயர்தான் அவனை அறுத்தது. வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடிக்காதவன். இரண்டு இடத்தில் பேச்சு எடுத்து, பெண் வீட்டார் எஸ்டேட்டில் விசாரித்துவிட்டு நின்றுபோயிற்று. மூன்றாவது இடம் பார்க்க வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். ஆனாலும் அந்த நடிகனின் படம் எது வந்தாலும் முதல் நாளே போய்விடுவான். "அண்ணன் என்ன செய்வாரு, பயந்துட்டாரு" என்பான்.

போன மாதம் அந்த நடிகனுக்குப் பெரிய விருது ஒன்று கிடைத்தது. மூணாறில் பாராட்டு விழா. ஒரு வாரத்துக்கு முன்னால் போன் வந்தது.

"அக்கா, தம்பிக்கு நடந்தத அந்த மேடையில வச்சுச் சொல்லப் போறேன். அத்தன பேரு முன்னாடியும். நெஞ்சுல குத்திக்கிட்டே இருக்குக்கா."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நீ எழுதி எடுத்துக்கிட்டு வந்து சைடுல நில்லு" என்றான்.

போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். போனிலிருந்து கேட்டது அவன் காதிலும் விழுந்திருந்தது. அவன் முகத்தைப் பார்த்த பிறகு வைக்க முடியவில்லை. அதே நாலு வரியைத்தான் மறுபடி எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. மண்டபம் நிறைந்து வராந்தாவிலும் ஆட்கள். எஸ்டேட் ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் டீ மேக்கர், ரிட்டயர் ஆகி முடி நரைத்து, அதே கண்ணாடியோடு. தம்பி நாலாவது வரிசையில் துவைத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். நான் மேடையின் இடது ஓரத்தில் திரைக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவனுக்குச் சால்வை போட்டார்கள். மைக் முன்னால் வந்தான். எம்.எல்.ஏ.வுக்கு நன்றி என்று கொடுத்தேன், சொன்னான். விழாக் குழுவுக்கு நன்றி என்று கொடுத்தேன், சொன்னான். "இந்த மேடையில ஒரு உண்மையச் சொல்லணும்" என்று கொடுத்தேன். அதையும் சொன்னான். மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவன் மெதுவாக இடது பக்கம் திரும்பினான்.

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் டீ மேக்கரைப் பார்த்தேன். அவர் அவனைப் பார்க்கவில்லை. திரை ஓரத்தை, என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு உண்மை பொய்யாகிப் போனது நான் சொல்லிக் கொடுத்ததால்தான். இன்றைக்கும் நான் கொடுத்து அவன் சொன்னால், இதுவும் நாடகம் என்று அந்த ஆள் மறுபடி எழுந்து நிற்பார். கண்ணால் பார்த்தவன் அவன். ஒரே ஒரு தடவை, அவன் வாயிலிருந்து, அவனுடைய வார்த்தையாக வரட்டும். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தேன். பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். அவன் கண் நிறைந்தது. உதடு நடுங்கியது. இதோ வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அப்புறம் பக்கத்து ஆள். அப்புறம் மண்டபமே எழுந்து நின்று தட்டியது. டீ மேக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவன் சுற்றிலும் பார்த்தான், இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினான், சால்வையைச் சரி செய்துகொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

நான் தம்பியைத் தேடினேன். அவனும் எழுந்து நின்றிருந்தான். வலது கையில் இருக்கிற இரண்டு விரலை வைத்துக்கொண்டு அவனால் கை தட்ட முடியாது. கன்னமெல்லாம் நனைந்திருக்க, மேடையையே பார்த்துக்கொண்டு, இடது கையால் தொடையில் அடித்துக்கொண்டிருந்தான்.